ஃபோல்ட்ஸ்கோப்: மேல்நிலை உயிரியல் வகுப்புக்கு வாங்கலாமா?

தாவரவியல் நடத்துகிற சக ஆசிரியர்கள் ஃபோல்ட்ஸ்கோப்பைப் பற்றிக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அந்தக் காகித மைக்ராஸ்கோப் நிஜமாகவே வேலைக்கு ஆகுமா, இல்லை அறிவியல் கண்காட்சி மேசையில் வைக்கிற சாமானா?" வேலைக்கு ஆகும். பதினொன்றாம் வகுப்புத் தாவரவியலில் செல், திசு, இலையின் உள்ளமைப்பு, நீர் கடத்தல் ஆகிய பாடங்களை இது இல்லாமல் நடத்த எனக்கு இப்போது மனம் வருவதில்லை. ஆனால் ஆய்வகத்தில் இருக்கும் மைக்ராஸ்கோப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு இதை வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். எங்கே இது நன்றாக உழைக்கிறது, எங்கே கைவிடுகிறது, இதற்காக ஆசிரியர் என்ன தயார் செய்ய வேண்டியிருக்கிறது என்பதை மன்னார்குடிப் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில், தமிழ் வழி வகுப்பில் பயன்படுத்திப் பார்த்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் பற்றி. இதை உருவாக்கியவர்கள் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மனு பிரகாஷும், அவரிடம் ஆய்வு மாணவராக இருந்த ஜிம் சிபுல்ஸ்கியும். மனு பிரகாஷ் மீரட்டில் பிறந்து கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர். 2014-ல் இவர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதன் பாகங்களுக்கான செலவு 1 டாலருக்கும் குறைவு, எடை 9 கிராமுக்கும் குறைவு, மூன்று மாடி உயரத்திலிருந்து விழுந்தாலும் காலில் மிதிபட்டாலும் தாங்கும் என்று எழுதியிருந்தார்கள். அதே கட்டுரையில் 2,000 மடங்குக்கு மேல் பெரிதாக்கிக் காட்டும் என்றும் வரும். அது வேறு லென்ஸ்களைப் போட்டுச் செய்தது. நாம் வாங்குகிற சாதாரண ஃபோல்ட்ஸ்கோப் 140 மடங்கு பெரிதாக்கும். ஏறத்தாழ 2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள நுணுக்கம் வரை பிரித்துக் காட்டும். வாங்கும்முன் இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எது தெரியும், எது தெரியாது என்பதெல்லாம் இவற்றில்தான் அடங்கியிருக்கிறது.

உள்ளே இருப்பது ஒரே ஒரு கண்ணாடிக் குண்டு. விட்டம் சுமார் 2.4 மில்லிமீட்டர். ஒற்றை லென்ஸை வைத்து நுண்ணுயிர்களைப் பார்க்கிற முறை புதிதல்ல. 1670-களில் லீவன்ஹூக் குளத்து நீரில் ஒரு செல் உயிரிகளைப் பார்த்தது ஒற்றை லென்ஸ் கருவியில்தான். அவருடைய கருவிகளில் இன்று எஞ்சியிருப்பவற்றுள் சிறந்தது சுமார் 266 மடங்கு பெரிதாக்கும். குண்டு சின்னதாக ஆக ஆக உருவம் பெரிதாகும், பொருளை லென்ஸுக்கு அவ்வளவு கிட்டத்தில் கொண்டுபோகவும் வேண்டும். இந்த ஃபோல்ட்ஸ்கோப்பில் பொருள் லென்ஸிலிருந்து அரை மில்லிமீட்டர் தூரத்தில் இருந்தால்தான் உருவம் தெளியும். ஸ்லைடைத் தலைகீழாகச் செருகினால் எவ்வளவு நகர்த்தியும் மங்கலாகவே இருப்பது இதனால்தான்: நடுவில் வருகிற ஸ்லைடுக் கண்ணாடியே ஒரு மில்லிமீட்டர் கனம். கவர் ஸ்லிப் இருக்கும் பக்கம் லென்ஸைப் பார்த்து இருக்க வேண்டும். இதை மட்டும் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டால் "ஒண்ணுமே தெரியலை டீச்சர்" என்கிற குரல்களில் பாதி அடங்கிவிடும்.

உடல் பகுதி காகிதம் என்றாலும் நோட்டுக் காகிதம் மாதிரி அல்ல. தண்ணீர் பட்டாலும் ஊறாத, கிழியாத செயற்கைத் தாள். அச்சடித்த தாளிலிருந்து பாகங்களைப் பிய்த்து, மடித்து, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகிக் கோக்க வேண்டும். ஒரு பீரியட் போதும். இந்த மடிக்கிற வேலையை ஆசிரியரே வீட்டில் செய்து எடுத்துவருவதை நான் ஏற்கமாட்டேன். மாணவர்கள் கையால் மடிக்கும்போதுதான் லென்ஸ் எங்கே இருக்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எதை நகர்த்தினால் உருவம் தெளிகிறது என்பது அவர்களுக்குப் பிடிபடுகிறது. பித்தளைக் குழாய்க்குள் மறைந்திருக்கிற ஒளியியல் இங்கே விரல் நுனியில் கிடக்கிறது.

சரி, ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப் இருக்கும்போது இது எதற்கு? எங்கள் மாதிரிப் பள்ளிகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நல்ல மைக்ராஸ்கோப்புகள் பீரோவுக்குள் இருக்கும். ஸ்டாக் ரெஜிஸ்டரில் பதிந்த பொருள். உடைந்தால் யார் பதில் சொல்வது என்கிற பயம் எல்லோருக்கும் உண்டு. செய்முறைத் தேர்வு நெருங்கும்போது வெளியே வரும். ஒன்றிரண்டைச் சரிசெய்து வைத்துவிட்டு, நாற்பது பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். ஆளுக்குச் சில விநாடி. "பார்த்துட்டியா, நகரு, அடுத்தது." அந்தச் சில விநாடியில் பிள்ளை பார்ப்பது பல நேரம் தன் கண் இமை மயிரைத்தான். பிறகு பாடநூல் படத்தைப் பார்த்து ரெக்கார்டு நோட்டில் வரைந்து, பாகம் குறித்து, கையெழுத்து வாங்கிக்கொள்ளும். இப்படி இரண்டு ஆண்டு தாவரவியல் படித்தும் இலைத்துளையைச் சூழ்ந்திருக்கும் காப்புச் செல் ஒன்றைத் தானாகத் தேடிப் பார்க்காத மாணவர்கள் நிறைய இருக்கிறார்கள். இது எனக்கு உண்மையான வருத்தம். மனு பிரகாஷ் குழுவினருக்கும் இந்த யோசனை வந்தது இப்படித்தான் என்கிறார்கள்: போன ஊர்களிலெல்லாம் தூக்க முடியாத, உடைந்துகிடக்கிற மைக்ராஸ்கோப்புகளைப் பார்த்து.

ஃபோல்ட்ஸ்கோப் இதில் மாற்றுவது வரிசையைத்தான். இரண்டு பேருக்கு ஒன்று கொடுத்துவிட்டால் வரிசையே இல்லை. ஒரு பிள்ளை ஒரே இலைத்துளையை ஐந்து நிமிடம் பார்க்கலாம். யாரும் பின்னால் நின்று இடிக்கமாட்டார்கள். உடைந்தாலும் ரெஜிஸ்டரில் தலைகுனிய வேண்டியதில்லை. 140 மடங்கு என்கிற எண்ணைவிட இந்த ஐந்து நிமிடம்தான் பெரிது என்பது என் முடிவு.

இப்போது இதில் நன்றாகத் தெரிகிறவற்றைச் சொல்கிறேன். முதல் வகுப்புக்கு வெங்காயத் தோல் வேண்டாம். அதைக் கீழ் வகுப்புகளிலேயே பார்த்திருப்பார்கள், அல்லது பார்த்ததாகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ரியோ செடியில் தொடங்குங்கள். பள்ளித் தோட்டத்திலும் கோயில் நந்தவனத்திலும் இருக்கும், மேலே பச்சை, அடியில் ஊதா நிற இலை. அடிப்பக்கத் தோலைக் கிள்ளி உரித்து ஒரு சொட்டு நீரில் வைத்தால், ஊதா நிறக் கட்டங்களுக்கு நடுவே பச்சையாக இலைத்துளைகள். சாயம் எதுவும் தேவையில்லை. அப்புறம் கவர் ஸ்லிப்பின் ஓரத்தில் ஒரு சொட்டு உப்புக் கரைசல் விட்டு, எதிர்ப்பக்கம் வடிதாளால் உறிஞ்ச வேண்டும். சில நிமிடங்களில் ஊதா நிறம் செல் சுவரை விட்டுச் சுருங்கி உள்ளே போகும். செல் நீரை இழந்து இப்படிச் சுருங்குவதுதான் பிளாஸ்மா சிதைவு. அதைப் பாடமாக நடத்தும்போது தலையாட்டிய பிள்ளைகள், அது நடக்கும்போது நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்கள். மறுபடி வெறும் நீர் விட்டால் சில செல்களில் நிறம் விரிந்து பழையபடி ஆகும், சிலவற்றில் ஆகாது. "ஏன் டீச்சர் எல்லாத்துலயும் திரும்பலை?" என்று கேள்வி வரும். அந்தக் கேள்வியைத் தொட்டுத்தான் நான் செல் சவ்வைப் பற்றிப் பேச ஆரம்பிப்பேன்.

எங்கள் பகுதிக்கென்றே அமைந்த இன்னொரு பொருள் அசோலா. வயல் நீரில் மிதக்கும் சிறு பெரணி, மாட்டுத் தீவனத்துக்கென்று தொட்டி கட்டியும் வளர்க்கிறார்கள். ஓர் இலையை ஸ்லைடில் வைத்து ஊசியால் நசுக்கி நீரில் பரப்பினால் நீலப்பச்சை மணிகளைக் கோத்த மாதிரி அனபீனா என்கிற நீலப்பச்சைப் பாசியின் இழைகள் வெளியே வரும். காற்றிலிருக்கும் நைட்ரஜனை நிலைநிறுத்துவது இதுதான் என்று பாடத்தில் படித்தது இங்கே கண்முன் கிடக்கும். ஃபோனில் படம் எடுத்துப் பெரிதாக்கினால் இடையிடையே சற்றுப் பெரிதாக, வெளிறிய செல்கள் தெரியும். அவைதான் நைட்ரஜனை நிலைநிறுத்துகிற ஹெட்டிரோசிஸ்டுகள். தனியாக வாழும் அனபீனாவில் இவை நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை இருக்கும். அசோலாவுக்குள் குடியிருப்பதில் 20 முதல் 30 வரை போகும். நூறு செல்லை எண்ணச் சொன்னால் வேறுபாட்டைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். ஏன் இத்தனை அதிகம், யாருக்காக இந்த நைட்ரஜன் என்று கேட்டுவிட்டு நான் பேசாமல் நின்றுகொள்வேன். வீட்டில் அசோலாத் தொட்டி வைத்திருக்கிற பிள்ளைகள்தான் அன்றைக்கு முதலில் கை தூக்குவார்கள்.

சேப்பங்கிழங்குச் செடியின் இலைக்காம்பையும் விடாதீர்கள். மெல்லிய சீவல் ஒன்றை நீரில் வைத்தால் ராஃபைடுகள் என்கிற கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் கட்டுக்கட்டாகத் தெரியும். கட்டு அவிழ்ந்து சிதறிக் கிடக்கும் ஊசிகளும் இருக்கும். நாக்கு ஏன் அரிக்கிறது, அம்மா ஏன் புளி விட்டு வேகவைக்கிறார் என்று பேச்சு உடனே அடுப்படிக்குப் போய்விடும். ஒரு மாணவி கேட்டாள்: "அப்ப புளி இந்த ஊசியைக் கரைச்சிடுதா டீச்சர்?" பார்த்துவிடலாம் என்று புளிக்கரைசலில் ஊறப்போட்ட சீவலையும் வெறும் நீரில் கிடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஊசிகள் இரண்டிலும் அப்படியே இருந்தன. கால்சியம் ஆக்சலேட் இந்த மாதிரி வீரியம் குறைந்த அமிலங்களில் சுலபத்தில் கரைவதில்லை. அப்படியானால் அரிப்புக்கு ஊசி மட்டும்தான் காரணமா, ஊசி குத்திய இடத்தில் உள்ளே போகிற புரதங்களுக்கும் பங்கு உண்டா என்று வகுப்பு இன்னொரு திசையில் போயிற்று. பாடநூலில் "ராஃபைடுகள்: ஊசி வடிவப் படிகங்கள்" என்று ஒரு வரியில் முடிகிற விஷயம் இது. சீவும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்ளச் சொல்லுங்கள். கண்ணைக் கசக்கக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

செம்பருத்தி மகரந்தம் இதற்கென்றே படைத்த மாதிரி இருக்கும்: உருண்டை, உடம்பெல்லாம் முள். உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சையும் அரிசி ஸ்டார்ச்சையும் அடுத்தடுத்துப் பார்த்தால் அளவு வேறுபாடு பளிச்சென்று தெரியும். குளத்து நீரில் சைக்ளாப்ஸ், வோர்ட்டிசெல்லா, கொசுப் புழுவின் சுவாசக் குழல் எல்லாம் சரியாக வருகின்றன. பாராமீசியம் ஓடிவிடும், பஞ்சு இழை இரண்டை ஸ்லைடில் போட்டு வழி மறித்தால் நிற்கும். ஹைட்ரில்லா இலையில் பசுங்கணிகங்கள் செல்லைச் சுற்றி ஓடுவது தெரியும், பொறுமையாகப் பார்த்தால்.

தெரியாதவையும் உண்டு. வெங்காய வேர் நுனியை அசிட்டோகார்மைனில் சாயமேற்றி நசுக்கி வைத்தால் பகுப்படைகிற செல்கள் கருத்துத் தெரியும். நல்ல ஸ்லைடாக இருந்தால் செல் பகுப்பின் நிலைகளான மெட்டாஃபேஸ், அனாஃபேஸ் வரை அடையாளம் சொல்லலாம். ஆனால் 16 குரோமோசோம்களையும் எண்ணுவதெல்லாம் இதில் நடக்காது. அதற்கு ஆய்வக மைக்ராஸ்கோப்பின் பெரிய லென்ஸ் வேண்டும். பாக்டீரியாவை இதில் காட்ட முயல வேண்டாம். தயிரிலிருக்கும் லாக்டோபேசில்லஸ் ஒரு மைக்ரான்கூட அகலம் இருக்காது. பிள்ளைகளுக்குத் தெரிவது அசையும் தூசி, அதைப் பாக்டீரியா என்று நாம் சொல்லி அவர்கள் நம்புவது அறிவியல் ஆகாது. இரத்தச் செல்கள் சின்னப் புள்ளிகளாகத் தெரியும், ஆனால் பிள்ளைகள் விரலைக் குத்தி இரத்தம் எடுக்கிற வேலையை நான் வகுப்பில் அனுமதிப்பதில்லை. கடையில் வாங்கிய நிரந்தர ஸ்லைடு போதும்.

குண்டு லென்ஸ் என்பதால் நடுவில்தான் தெளிவு. ஓரம் வளைந்து மங்கும். தண்டின் குறுக்குவெட்டை முழுதாக ஒரே பார்வையில் பார்க்க முடியாது. புறத்தோலிலிருந்து நடுவிலிருக்கும் பித் வரை நகர்த்தி நகர்த்திப் பார்த்துத் தாளில் சேர்த்து வரைய வேண்டும். இதைக் குறை என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, அப்படி வரைகிற பிள்ளைக்குச் நீர் கடத்தும் சைலம் எங்கே, உணவு கடத்தும் ஃபுளோயம் எங்கே என்பது மறப்பதில்லை. கண்ணைக் கிட்டத்தட்ட ஒட்டிவைத்துப் பார்க்க வேண்டியிருப்பதுதான் உண்மையான சிரமம். கிட்டப்பார்வைக் கண்ணாடி போட்டவர்கள் கழற்றிவிட்டு மறுபடி சரிசெய்து பார்க்கலாம். சிதறல் பார்வை உள்ளவர்களுக்கு அது போதாது, அவர்களுக்கு ஃபோனில் மாட்டிக் காட்டுவதே நல்லது.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சன்னல் வழியாகத் தெரிகிற வானம், வெள்ளைச் சுவர், டியூப் லைட் ஆகிய மூன்றும் சரி. சூரியனை நோக்கிப் பிடிக்கவே கூடாது. லென்ஸ் வழியாக வெயில் நேரே கண்ணுக்குள் போகும். இதை ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் சொல்கிறேன், சலிக்காமல். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தால் பக்கத்திலேயே நில்லுங்கள்.

அடுத்து, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. ஃபோல்ட்ஸ்கோப்பைக் கையில் கொடுத்துவிட்டு "பாருங்க" என்று விட்டால் இரண்டாவது நாளே ஆர்வம் வடிந்துவிடும். மயிர், உப்பு, சட்டை நூல், எறும்புக் கால் என்று எல்லாவற்றையும் பார்த்துத் தீர்த்துவிடுவார்கள். பதினொன்று, பன்னிரண்டில் படிக்கிற பிள்ளைக்குப் பார்ப்பதோடு ஒரு புதிரும் வேண்டும். அதனால் நான் கேள்வி அட்டைகள் செய்கிறேன். அட்டைக்கு ஒரு கேள்வி, செடியின் பெயர் எதுவும் இருக்காது.

என்னிடம் இருப்பதில் சிறந்தது இலைத்துளை அட்டை. இதற்கு ஸ்லைடுகளை நானே செய்கிறேன், கண்ணாடிகூட வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை 75 மில்லிமீட்டர் நீளம், 25 மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டி, நடுவில் பஞ்ச் மெஷினால் ஒரு துளை. இலையின் மேல் நிறமில்லாத நகப்பூச்சைத் தடவி, காய்ந்ததும் செல்லோ டேப்பை ஒட்டி உரித்தால் இலைத் தோலின் அச்சு டேப்போடு வந்துவிடும். அதை அப்படியே துளைக்குமேல் ஒட்டினால் ஸ்லைடு தயார். எத்தனை நாள் ஆனாலும் கெடாது, ரெக்கார்டு நோட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். ஒரு மாலை உட்கார்ந்தால் வகுப்புக்கு வேண்டியதைச் செய்துவிடலாம், பிள்ளைகள் உதவிக்கு வந்தால் இன்னும் சீக்கிரம்.

இப்படி மூன்று செடிகளின் மேல்பக்கம், அடிப்பக்கம் என்று ஆறு அச்சுகள். ஒரு செடியில் அடியில் மட்டும் துளைகள். இன்னொன்றில் மேலே மட்டும். மூன்றாவதில் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. கீழே மட்டும் அங்கங்கே குழிகள், குழி வாயில் மயிர்கள். "இவை எங்கே வளரும் செடிகள்? உன் முடிவுக்கு என்ன ஆதாரம்?" இவ்வளவுதான் அட்டையில் இருக்கும். முதலாவது மா, இரண்டாவது குளத்தில் மிதக்கிற அல்லி, மூன்றாவது அரளி. அரளியின் இலைத்துளைகள் குழிகளுக்குள் பதுங்கியிருப்பதால் நகப்பூச்சு அச்சில் வராது. "இதுக்குத் துளையே இல்லையா? அப்ப எப்படி மூச்சு விடும்?" என்று பிள்ளைகள் சண்டை போட்டுக்கொள்ளும் வரை விட்டுவிட்டு, அப்புறம்தான் அரளி இலையின் குறுக்குவெட்டைக் கொடுப்பேன். வறண்ட நிலத் தாவரத் தகவமைப்பு என்கிற தலைப்பை அதற்குப் பிறகு நடத்த வேண்டிய அவசியமே இருக்காது. அரளி விஷச் செடி. சீவிய பின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லிவிடுங்கள்.

இதே அச்சுகளை வைத்துக் கணக்கும் உண்டு. மாமரத்தின் வெயில் படும் உச்சி இலை, உள்ளே நிழலில் இருக்கும் இலை இரண்டையும் கொடுத்து, இலைத்துளைகளையும் புறத்தோல் செல்களையும் எண்ணி இலைத்துளைக் குறியீடு போடச் சொல்வேன்: இலைத்துளைகளின் எண்ணிக்கையை, இலைத்துளைகளும் புறத்தோல் செல்களும் சேர்ந்த எண்ணிக்கையால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். குறிப்பிட்ட பரப்பில் இருக்கும் துளைகளின் அடர்த்தி மாறுகிற அளவுக்குக் குறியீடு மாறுவதில்லை. ஏன் என்று யோசித்துச் சொல்கிற பிள்ளை, சூத்திரத்தை மனப்பாடம் செய்த பிள்ளையைவிட ஒரு படி மேலே போய்விட்டது. பத்துக் குழுக்கள் எண்ணினால் பத்து விடை வரும். அந்தப் பத்தையும் பலகையில் எழுதி, சராசரி, வேறுபாடு, யார் எங்கே எண்ணினார்கள் என்று பேசும்போது, ஒரே ஒரு எண்ணை நம்பக் கூடாது என்பதும் சேர்ந்து பதிகிறது.

அளவெடுக்க ஒரு சிறு வழி. ஃபோன் கேமராவில் ஜூமை ஒரே நிலையில் வைத்துக்கொண்டு, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஸ்கேலின் மில்லிமீட்டர் கோடுகளை ஒருமுறை படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதே ஜூமில் எடுக்கிற மற்றப் படங்களை அதோடு ஒப்பிட்டு மைக்ரானில் அளவு சொல்லலாம். கோடுள்ள பக்கம் லென்ஸைப் பார்த்து இருக்க வேண்டும், ஸ்கேல் மெல்லியதாகவும் இருக்க வேண்டும்.

ஃபோன் என்றதும் நினைவுக்கு வருகிறது. பிள்ளைகள் பள்ளிக்கு ஃபோன் கொண்டுவர அனுமதி இல்லை, அது நல்லதுதான். ஆசிரியரின் ஃபோன் ஒன்று போதும். ஃபோல்ட்ஸ்கோப்போடு வருகிற காந்த வளையத்தைக் கேமராவுக்கு மேல் ஒட்டினால் இரண்டும் கவ்விக்கொள்ளும். ஹைடெக் லேப் புரொஜெக்டரில் இணைத்துவிட்டால் ஒரு குழு கண்டுபிடித்ததை வகுப்பு முழுவதும் பார்க்கலாம். ஆனால் புரொஜெக்டரைக் கடைசி பத்து நிமிடத்துக்கு மட்டும் வையுங்கள். முதலிலேயே பெரிய திரையில் காட்டிவிட்டால் யாரும் தன் கண்ணால் தேடமாட்டார்கள்.

வாங்குவதைப் பற்றி. தகரப் பெட்டியில் எல்.இ.டி. விளக்கு, இடுக்கி, சொட்டுக் குழாய் எல்லாம் வைத்துத் தனி ஆளுக்கென்று வருகிற தொகுப்பு பார்க்க அழகாக இருக்கும். பரிசாகக் கொடுக்க நல்லது. வகுப்புக்கு அது வேண்டாம். துணைப் பொருள்கள் அதிகம் இல்லாமல் மொத்தமாக வருகிற வகுப்பறைத் தொகுப்பை வாங்கி, மிச்சப் பணத்தில் சாயமேற்றச் சாஃப்ரனின், அயோடின், அதோடு புது பிளேடுகள், கவர் ஸ்லிப், நகப்பூச்சு வாங்குங்கள். எல்.இ.டி. விளக்கு இரண்டு மூன்று இருந்தால் மழைநாளுக்கு உதவும். விலையை இங்கே எழுதவில்லை. ஒரே பொருள் ஒவ்வோர் இணையக் கடையிலும் வெவ்வேறு விலையில் இருக்கிறது, நீங்கள் பார்க்கும்போது மறுபடி மாறியிருக்கும். பெயரையும் படத்தையும் பார்த்து மயங்க வேண்டாம் என்று மட்டும் சொல்வேன். ஒரு கடையிலிருந்து வந்த போலியில் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் லென்ஸ் இருந்தது, வெங்காயச் செல்லே கலங்கலாகத்தான் தெரிந்தது. 140 மடங்கு, கண்ணாடி லென்ஸ், கழற்றக்கூடிய காந்த வளையம் இந்த மூன்றும் விவரத்தில் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். நம் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை மனு பிரகாஷின் ஆய்வகத்தோடு சேர்ந்து பள்ளி, கல்லூரிகளுக்கு ஃபோல்ட்ஸ்கோப் கொடுத்து நிதியும் அளித்த காலம் உண்டு. பக்கத்துக் கல்லூரித் தாவரவியல் துறையில் விசாரித்தால், அப்படி வந்தவை பெட்டியோடு இருக்கவும் கூடும். கேட்டால் கொடுப்பார்கள்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. லென்ஸில் விரல்ரேகை படிந்தால் மெல்லிய பருத்தித் துணியால் துடைக்கலாம். உப்புக் கரைசல் பட்ட நாளில் ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்து எடுத்துவைக்க வேண்டும். காந்த வளையங்கள்தான் காணாமல் போகும் பொருள்; வகுப்பு முடிந்ததும் எண்ணி ஒரு டப்பாவில் போட்டுவிடுங்கள். ஒவ்வொன்றிலும் அதை மடித்த இரண்டு பேரின் பெயரை எழுதவைப்பது நல்லது. தன் பெயர் இருக்கிற பொருளை யாரும் தரையில் போட்டுவிட்டுப் போவதில்லை.

"நீட்டுக்கு இது தேவையா?" என்று பெற்றோரும் கேட்கிறார்கள், சில ஆசிரியர்களும் கேட்கிறார்கள். நீட் தேர்வின் 180 கேள்விகளில் 90 உயிரியல். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்த பிறகு எங்கள் வகுப்பிலும் அந்தக் கனவோடு உட்கார்ந்திருக்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். அவர்களுக்கு நேரம் அருமை என்பது எனக்குத் தெரியும். ஆனால் இலைத்துளை, காப்புச் செல், பிளாஸ்மா சிதைவு, ஹெட்டிரோசிஸ்ட், ராஃபைடு எல்லாமே தேர்வில் கேட்கிற பகுதிகள்தான். கண்ணால் பார்த்த பிள்ளைக்கு அந்த நான்கு விடைகளில் எது பொய் என்று சட்டென்று தெரிகிறது. வாரத்துக்கு ஒரு பீரியட் இதற்குக் கொடுப்பது வீண் இல்லை என்று தலைமை ஆசிரியரிடம் வாதாடித்தான் வாங்கினேன், இன்றும் அதில் மாற்றமில்லை.

விலங்கியல் நடத்துகிறவர்களுக்கு இதன் பயன் குறைவுதான். குளத்து நீர், கொசு, மீன் செதில், பூச்சியின் வாயுறுப்பு வரை சரி. திசுவியல் முழுவதற்கும் ஆய்வக மைக்ராஸ்கோப்தான் வேண்டும், பீரோச் சாவியைக் கேட்டு வாங்குங்கள். தாவரவியல் ஆசிரியர்கள் பத்து ஃபோல்ட்ஸ்கோப்போடு தொடங்கினால் போதும். ஜூனில் பள்ளி திறந்ததும் மடிக்கவைத்துவிட்டால் செல் பாடம் வரும்போது பிள்ளைகளின் கை பழகியிருக்கும். அல்லியும் அசோலாவும் தண்ணீர் வந்த பிறகுதான் நிறையக் கிடைக்கும் என்பதால் அந்த அட்டைகளை நான் ஆடிக்கு அப்புறம் வைத்துக்கொள்கிறேன்.